பாய்க்கடைக்காரன் பார்த்த இரண்டு பாய்க்கப்பல்கள்

"தெரியாது" என்ற சொல் கல்யாணம் ஆகும் வரைக்கும் ஆண்பிள்ளைகளின் வாயில் வருவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தவிர வேறு சொல்லே வருவதில்லை. (இந்த வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி, "அதுக்கப்புறமும் உங்களுக்கு வரலையே" என்கிறாள்.)

நான் சொல்லப் போவது அந்தச் சொல் என் வாயில் வராத வயசில் நடந்தது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லங்கோட்டிலிருந்து கம்பம் வரைக்கும் பாய் வியாபாரம் செய்கிற ராவுத்தர்களில், இரண்டு பாய்க்கப்பல்களில் ஏறி இறங்கி, "இது நல்லது, இது ஆகாது" என்று ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தீர்ப்புச் சொன்னவன் நான் ஒருவன்தான். தீர்ப்பும் சரியாகவே இருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். தீர்ப்புச் சொல்லும்போது என் ஜிப்பாவிலிருந்து ஏரித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

எங்களுக்குக் கொல்லங்கோட்டில் பாய்க்கடை. கோரைப் பாய், பந்திப் பாய், கல்யாணப் பாய் எல்லாம் கிடைக்கும். அத்தாவும் அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் மாநிலங்களைப் பிரித்து, குமுளி இந்தப் பக்கம், கம்பம் அந்தப் பக்கம் என்று கோடு போட்டிருந்தார்கள். ஏலத் தோட்டங்களில் வேலைக்கு ஆட்கள் குடும்பம் குடும்பமாக மலையேறிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ராத்திரி எதன் மேலாவது படுத்துத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, அத்தா எனக்குக் குமுளியில் ஒரு சின்னக் கடை வைத்துக் கொடுத்தார். ஊரில் நான் வெறும் காதர். குமுளிக்கு வருகிற மதுரைப் பக்கத்து ஆட்களுக்கோ முஸ்லிம் என்றால் எல்லாரும் 'பாய்'. ஆகவே நான் 'பாய்க்கடை பாய்' ஆகிவிட்டேன். "பாய், ஒரு பாய் குடுங்க" என்று யாராவது கேட்டால் இதில் நான் எது, சரக்கு எது என்று எனக்கே சந்தேகம் வரும்.

அந்த வருஷம் எனக்குப் பெண் பேசினார்கள். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற மீரான் ராவுத்தரின் மகள். பெயர் மைமூன். ஒரு தர்கா கந்தூரியில் அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். மாட்டு வண்டியிலிருந்து இறங்கியவள் திரும்பி வண்டிக்காரரிடம், "மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி முழுக்க, அந்த மாடாக நான் பிறந்திருக்கக் கூடாதா என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். மீரான் ராவுத்தர்தான் பிடி கொடுக்கவில்லை. "கடை உங்க கடை, சரக்கு உங்க சரக்கு. தம்பிக்குச் சுயமா என்ன தெரியும்னு பாக்கணும்ல? நான் போயி உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று அத்தாவிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டு, அந்த நாள் காலை பஸ்ஸில் மலையேறி வந்து என் கடையில் உட்கார்ந்துவிட்டார். ஆள் நல்ல பருமன். வெள்ளைத் தாடி, ஜரிகை போட்ட தலைப்பாகை. பேச்சே கிடையாது. நான் பாயை உதறினால் பார்ப்பார், சுருட்டினால் பார்ப்பார், தும்மினால்கூட அதில் ஏதோ குறை இருப்பது போலப் பார்ப்பார். அன்றைக்கு நான் தேறினால் மைமூன். தேறாவிட்டால் கொல்லங்கோட்டுக்குத் திரும்பி அண்ணன் கடையில் ஆயுசு முழுக்கப் பாய் உதறிப் போட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏலத் தோட்டத்துப் பெரிய துரையின் பட்லர் அந்தோணி வந்து நின்றார்.

"பாய், தொரைக்குப் பாய் பாக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணுமாம். ரெண்டு இருக்கு. எதை எடுக்கலாம்னு சொல்லணுமாம். ஒமக்குத் தெரியுமா?"

என்னிடம் கேட்கிற கேள்வியா இது? நான் மீரான் ராவுத்தரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"ஏனுங்க அந்தோணியண்ணா, மூணு தலைமுறையா எங்களுக்குப் பாய்தானுங்களே! கண்ணைக் கட்டிட்டு விட்டாலும் தொட்டுப் பாத்துச் சொல்லிப்போடுவேனுங்க."

"அப்ப ஜீப்புல ஏறும்" என்றார் அந்தோணி.

மீரான் ராவுத்தர் வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நானும் வர்றேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துரைமார் கூப்பிட்டு யோசனை கேட்கிற மாப்பிள்ளை கம்பத்தில் யாருக்குக் கிடைக்கும்? வழி நெடுக மாமனாராக வரப் போகிறவருக்குப் பாய் சாஸ்திரம் சொல்லிக்கொண்டு போனேன். துரை வீட்டில் இருப்பது பத்தமடைப் பாயாகத்தான் இருக்கும் என்றும், அதைத் தண்ணீர் தெளித்து எப்படிச் சுருட்ட வேண்டும் என்றும் விளக்கினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜீப் பங்களாப் பக்கம் திரும்பாமல் தேக்கடி ஏரிப் பக்கம் இறங்கியது. பாயை அலசிக் காயப் போட்டிருப்பார்கள் போல என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன்.

கரையில் அரை நிஜார் போட்டுக்கொண்டு துரை நின்றார். பக்கத்தில் பெரிய தொப்பியோடு துரைசானி. அவர்களுக்குப் பின்னால் தண்ணீரில் இரண்டு படகுகள். படகு என்றால் நம் ஊர் வள்ளம் இல்லை; உள்ளே அறை, ஜன்னல், நடுவில் ஒரு மரம் என்று குட்டிக் கப்பல் மாதிரி இருந்தன. ஒன்று வெள்ளை, ஒல்லி. இன்னொன்று பச்சை, வயிறு அகலம்.

"பாய் எங்கீங்க?" என்று அந்தோணியிடம் மெல்லக் கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கி மேலே காட்டினார். மரத்தில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

பாய்மரம். பாய்க்கப்பல். பள்ளிக்கூடத்தில் படம் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். நாங்கள் விற்கிற பாயும் அந்தப் பாயும் ஒரே சொல்தான் என்பது அந்த நிமிஷம்தான் என் மண்டையில் இறங்கியது. (மலையாளத்தில் கேட்டிருந்தாலும் 'பாய'தான். துரை எந்த மொழியில் ஆள் தேடியிருந்தாலும் என் கடைக்குத்தான் வந்திருப்பார்கள்.) "மன்னிச்சுக்குங்க, நான் படுக்கிற பாய் விக்கிறவனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மீரான் ராவுத்தர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன் என்று பேசி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"நீ பாய் ஆள்?" என்று துரை கேட்டார்.

"ஆமாங்க தொரை" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை.

துரை தோட்டத்துத் தமிழில் விஷயத்தைச் சொன்னார். "இந்த ரெண்டு கப்பல் வெச்ச தொரை ரெண்டு பேரும் சீமைக்குப் போறான். நான் போகாது. நான் ஒண்ணு வாங்கும். அதுல ஊர் சுத்தும், சனிக்கிழமை ரேஸ் விடும், அதுலயே தூங்கும், அதுலயே சாப்பிடும். பங்களா வேண்டாம். எந்தக் கப்பல் நல்ல கப்பல்? நீ பாய் பாத்துச் சொல்லு. மழைல பாய் கெட்டுப்போகும். எனக்கு அதுதான் பயம்."

பாய் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெசவு சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டும். கடைசியாகப் படுத்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கலிமாவைச் சொல்லிக்கொண்டு வெள்ளைக் கப்பலில் ஏறினேன்.

ஓரத்தை நெருடினேன். துணி கெட்டியாகத்தான் இருந்தது. மடிப்புக்குள் மூக்கை நுழைத்தேன். அங்கே எனக்கு மிகவும் வேண்டிய, பழகிய மணம் ஒன்று வந்தது. ஆனி ஆடியில் ஈரத்தோடு சுருட்டி வைத்த பாயைப் பிரித்தால் குப்பென்று அடிக்குமே, அதே மணம். அந்நிய ஊரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்கு உயிர் வந்தது.

"தொரை, இது ஈரத்தோட சுருட்டி வச்ச பாயிங்க. உள்மடிப்புல பூசணம் புடிச்சிருக்கோணும். வேணுமின்னா பிரிச்சுப் பாருங்க."

துரை பிரித்துப் பார்த்தார். மிளகைத் தூவியது போல உள்ளே கரும்புள்ளிகள். அவர் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. "மை காட்" என்றார். பச்சைக் கப்பலின் பாய் பழசு. ஆனால் காய வைத்து மடித்த பாய். அதையும் சொன்னேன். துரை என் முதுகில் தட்டினார். நான் மீரான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவினார். அது நல்ல அறிகுறி என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இத்தோடு இறங்கியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் எனக்குக் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது.

"இருங்க தொரை, இன்னும் படுத்துப் பாக்கலீங்க" என்றேன்.

வெள்ளைக் கப்பலின் அறைக்குள் போனேன். படுக்கிற பலகை கடையில் சரக்கு வைக்கிற தட்டு அகலம்தான். படுத்தால் கால் வெளியே நீட்டியது. எழுந்தால் தலை கூரையில் இடித்தது. வேகமாக ஓட வேண்டும் என்று ஒல்லியாகச் செய்திருக்கிறார்கள். மனுஷன் படுக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. பச்சைக் கப்பலில் அப்படியில்லை. இரண்டு பக்கமும் அகலமான படுக்கை. ஒரு மூலையில் ஸ்டவ் வைக்க இடம், பாத்திரம் உருளாமல் இருக்கச் சட்டம். படுத்தேன். தண்ணீர் அடியில் தளும்பித் தளும்பித் தாலாட்டியது. முந்தின ராத்திரி மீரான் ராவுத்தர் வரப் போகிறார் என்ற பயத்தில் நான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ காலை ஆட்ட, விழித்துப் பார்த்தால், வாசலில் துரை, துரைசானி, அந்தோணி, மீரான் ராவுத்தர் நாலு பேரும் வரிசையாக நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொறட்டை" என்றார் அந்தோணி சுருக்கமாக.

"குட்!" என்றாள் துரைசானி. "இந்தக் கப்பல்ல மனுஷன் தூங்க முடியும். எனக்கு அதுதான் வேணும்."

துரைக்கு மனசு வெள்ளையில்தான் இருந்தது. ஒல்லிக் கப்பல் மேல் ஆம்பிளைகளுக்கு ஒரு ஆசை. "ரேஸ் விட்டுப் பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளையில் அவரும் அந்தோணியும். பச்சையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு துரைசானி. பாரத்துக்கு நானும் மீரான் ராவுத்தரும். (பாரம் என்று பார்த்தால் மீரான் ராவுத்தர் ஒருவரே போதும். நான் ஏறியது பாய் நிபுணன் என்ற மரியாதைக்காக.) மாமனாராகப் போகிறவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

காற்று எடுத்ததும் வெள்ளை பூசணத்தைப் பொருட்படுத்தாமல் விருட்டென்று முன்னால் போனது. சும்மா சொல்லக் கூடாது, ஓட்டத்தில் அது ராஜாதான். நாங்கள் பின்னால் அசைந்து அசைந்து போனோம். அந்த ஏரியில் தண்ணீருக்குள் மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். திருப்பினால் பாயின் அடியில் கட்டிய குறுக்குக் கட்டை சர்ரென்று நம் தலைக்கு மேலே வீசும். ஆகவே தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

அப்போது தெரிந்தது, துரைசானி திடீரென்று கத்தியது மட்டும்தான்.

"தலைகீழ்! தலைகீழ்!"

தலையைக் கீழே குனி என்பது துரைசானியின் தமிழில் அப்படி வந்தது. என் தமிழிலோ தலைகீழ் என்றால் தலைகீழ்தான். கப்பல் கவிழப் போகிறது! நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்து எழுந்து, "மாமூ!" என்று கத்தி (கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமு என்று கூப்பிட்டுவிட்டேன்), மீரான் ராவுத்தரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் குதித்தேன்.

கப்பல் கவிழவில்லை. குறுக்குக் கட்டை காலியான இடத்தில் நிதானமாக வீசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

தண்ணீருக்குள் நான் அவரைப் பிடித்துக்கொண்டு, அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு புரண்டோம். மறுகரையில் தண்ணீர் குடிக்க வந்த யானைகள் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. வெள்ளைக் கப்பலைத் திருப்பிக்கொண்டு துரை எங்களைக் காப்பாற்ற வேகமாக வந்தார். அதன் வயிற்றுக்குக் கீழே கத்தி மாதிரி ஒரு இரும்புத் தகடு ஆழமாக இறங்கியிருந்தது. அதனால்தான் அதற்கு அந்த ஓட்டம். அந்தத் தகடு தண்ணீருக்குள் ஒரு மரக்கட்டையில் 'கடகட'வென்று ஏறிச் செருகிக்கொண்டது. வெள்ளைக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. துரை பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார். பூசணம் பிடித்த பாய் 'டர்ர்' என்று நட்டநடுவில் கிழிந்தது.

சாய்ந்த கப்பலிலிருந்து அந்தோணியின் குரல் கேட்டது. "பாய்! எந்திரிச்சு நில்லும்! அங்க இடுப்பளவுதான் தண்ணி!"

எழுந்து நின்றோம். இடுப்பளவுதான்.

பச்சைக் கப்பலுக்கும் அடியில் அப்படி ஒரு தகடு உண்டு. ஆனால் துரைசானி ஒரு கயிற்றை இழுத்தாள். தகடு கப்பலின் வயிற்றுக்குள் போய்விட்டது. அப்புறம் வாத்து மாதிரி அந்தக் கட்டைகளின் மேலேயே மிதந்து வந்தாள். முதலில் மீரான் ராவுத்தரை ஏற்றினாள். பிறகு என்னை. அதற்குப் பிறகு சாய்ந்த கப்பலில் தொங்கிக்கொண்டிருந்த தன் புருஷனைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரையும் அந்தோணியையும் ஏற்றினாள். மீரான் ராவுத்தரின் ஜரிகைத் தலைப்பாகை ஒரு மொட்டை மரத்தில் மாட்டிக்கொண்டது. கிட்டே போக ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கரையில் இறங்கியதும் துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சொல்லு. எது?"

இந்த இடத்தில்தான் எனக்குப் பெருமை. நடுங்கிக்கொண்டு நின்றேன், ஆனாலும் தெளிவாகச் சொன்னேன். "ஓட்டத்துக்கு வெள்ளை நல்லதுங்க தொரை. ஆனா நீங்க சனிக்கிழமை ஒரு நாள்தான் ஓடுவீங்க. மத்த நாளெல்லாம் படுக்கோணும், சோறாக்கோணும், இந்தக் கட்டைகளுக்கு நடுவுல ஊர் சுத்தோணும். வெள்ளை கட்டையில ஏறி நின்னுக்குது. பச்சை கட்டைமேல மெதந்து வருதுங்க. வெள்ளையில படுத்தேன், முதுகு புடிச்சுக்கிச்சு. பச்சையில படுத்தேன், தூங்கியே போயிட்டேன். பச்சையை எடுங்க."

"எஸ்" என்றாள் துரைசானி. துரை ஒரு பெருமூச்சு விட்டார். பச்சைதான் என்று முடிவாயிற்று.

அப்போது மீரான் ராவுத்தர், தாடியைப் பிழிந்துகொண்டே நிதானமாகச் சொன்னார். "தொரை, இந்தத் தம்பி கப்பல் பாய் விக்கிறவரு இல்ல. படுக்குற பாய் விக்கிறவரு. கோரப் பாய்."

துரைக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அந்தோணி கையால் விரித்து, படுத்துக் காட்டி விளக்கினார். துரை சிரித்த சிரிப்பில் மறுகரை யானைகள் காட்டுக்குள் போய்விட்டன. துரைசானி மட்டும் சிரிப்பின் நடுவே, பச்சைக் கப்பல் அறைக்கு நல்ல பாயாக இரண்டு கொண்டுவரச் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜீப் வேண்டாம் என்று மீரான் ராவுத்தர் கடைக்கு நடந்தார். நானும் பின்னால் ஈரத்தோடு நடந்தேன். பாதி வழியில் நின்றார்.

"ஒனக்கு நீச்சத் தெரியுமா?"

"தெரியாதுங்க மாமு."

என் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

"தெரியாமயா குதிச்ச?"

"கப்பல் கவுருதுன்னு நெனச்சேனுங்க."

"கவுந்தா ஒன்னால என்ன செஞ்சிருக்க முடியும்?"

"ஒண்ணும் முடியாதுங்க. உங்களை உட்டுப்போட்டுக் குதிக்கத் தோணலீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து பார்த்த பார்வை இல்லை அது. "கிறுக்குப் பய" என்றார். பிறகு, "கைய விடாத கிறுக்குப் பய" என்றார். அடுத்த மாதம் நிக்காஹ்.

இந்தக் கதை எனக்கு முன்னாலேயே கம்பத்துக்கு இறங்கிப் போய்விட்டது. கல்யாணமான வாரமே மைமூன் இரண்டு சேலைகளைக் கட்டிலில் விரித்துப் போட்டு, எது நல்லது என்று கேட்டாள். பச்சை என்றேன். "படுத்துப் பாத்தீகளா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இந்தக் கேள்விதான். முலாம்பழம் வாங்கினாலும், பையனுக்குக் காலேஜ் பார்த்தாலும், "அவரைப் படுத்துப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. உள்ளூரக் கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

பல வருஷம் கழித்து மாமு படுக்கையில் விழுந்தார். தேற மாட்டார் என்று அவருக்கே தெரியும். கம்பத்துப் பள்ளிவாசல் மையவாடியில், அடக்கம் செய்ய, அவர்கள் குடும்பத்துக்கு இரண்டு இடம் இருந்தது: மதிலோரம் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று. எது என்று மச்சான்மார் அவர் காதில் படாமல் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் பட்டுவிட்டது.

"ஏண்டா சண்டை போடுறீக?" என்றார் மெலிந்த குரலில். "மாப்பிள்ளையக் கூப்பிடுங்க. அவரு படுத்துப் பாத்துச் சொல்லட்டும்."

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். மைமூன் சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனேன். மதிலோரம் படுத்துப் பார்த்தேன். பிறகு வேப்பமரத்தடியில் படுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மரத்தடிதானுங்க மாமு. காத்து வருது" என்றேன்.

அங்கேதான் இருக்கிறார்.